வண்டி எங்கள் ஊர் முக்கிலும் நிற்கட்டும்

கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, கடம்பூர் வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்



எட்டயபுரம் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கரிசல் கிராமம் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இன்று ஊரார் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள் என்றால் அதற்கு உங்கள் தொழில்தான் காரணம். எங்கள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினாள். எனக்குச் சிலேட்டு வாங்கியது அந்தக் கூலியில். ஹாஸ்டலுக்குப் பணம் கட்டியதும், ஆசிரியப் பயிற்சியில் சேர அடகு வைத்த கம்மலை மீட்டதும் அந்தக் கூலியில்தான். உங்கள் தொழிலும் எங்கள் வீடும் ஒன்றுக்கொன்று சோறு போட்டவை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் எந்தக் கல்யாண வீட்டில் உங்களில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது: ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், திருப்பூருக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள், எவ்வளவு தேடியும் ஆள் இல்லை. இது உண்மைதான். அதே நேரத்தில் எங்கள் ஊரில் ஐம்பத்து மூன்று, ஐம்பத்தாறு, ஐம்பத்தொன்பது வயதில் கை நிறையத் தொழில் தெரிந்த பெண்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: கூப்பிட ஆள் இல்லை. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஆறேழு கிலோமீட்டர் தார்ச்சாலைதான் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

அம்மாவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

அம்மா ஆபீஸுக்குப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. 1960-களின் கடைசி. விடியுமுன்னே வண்டி வந்துவிடும். தூக்குவாளியில் கம்மங்கூழ், தூக்கம் கலையாத கண், அக்காவின் மடியில் தலை. சின்ன விரலுக்குக் குச்சி சீக்கிரம் உட்காரும் என்றுதான் அந்தக் காலத்தில் பிள்ளைகளை எடுத்தார்கள். கட்டை என்பது வரி வரியாகப் பள்ளம் போட்ட சட்டம்; அதில் ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி. ஒன்று கோணினாலும் மருந்து முக்கும்போது அடுத்த குச்சியில் ஒட்டிக்கொள்ளும். அம்மா கண்ணை மூடிக்கொண்டுகூட அடுக்குவாள் என்று ஊரில் சொல்வார்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் சட்டமும் தீர்ப்பும் என் வயதுப் பிள்ளைகளைக் காப்பாற்றின. அம்மாவின் வயதுக்காரிகளுக்கு அவை பிந்தி வந்துவிட்டன. அவர்கள் பள்ளிக்கூடத்து வாசலைக் கடந்து போனது ஆபீஸ் வண்டியில்தான்.

இந்த ஒன்றை நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டி நிற்கிற பெண், படிக்க வேண்டிய வயதைத் தீப்பெட்டிக்குக் கொடுத்தவள். விரல் சின்னதாக இருக்கிறது என்று ஒன்பது வயதில் எடுத்தோம்; அதே விரல் மெதுவாகிவிட்டது என்று ஐம்பத்தேழில் விடுகிறோம். நடுவில் இருந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் வேறொரு வேலையைக் கற்றுக்கொள்ள அவளுக்கு எந்த வாய்ப்பும் யாரும் தரவில்லை.

அம்மாவை யாரும் போகச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அப்படிச் சொல்லுகிற வழக்கம் இல்லை. 2015 வாக்கில் அவள் வேலை பார்த்த ஆபீஸில் விரல் வைக்கிற மெஷின் வந்தது. அம்மாவின் கட்டைவிரல் ரேகை மெஷினில் விழவில்லை. குச்சியும் வச்சிரமும் மருந்துத் தூளும் படிந்து படிந்து விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. பின்னாளில் ரேஷன் கடையிலும் அதே பாடுதான். காலையில் வாசலில் நின்று விரலைச் சேலை முந்தானையில் துடைப்பாள், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றுவாள், மறுபடி வைப்பாள். மெஷின் சிவப்பு விளக்கே காட்டும். பின்னால் நிற்கிற சின்னப் பெண்கள், "சீக்கிரம் அத்தை" என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் அவள் வரவே கணக்கில் ஏறாது. பிறகு வரிசையில் இடம் மாறியது, வெளிச்சம் குறைந்த மூலைக்கு. பிறகு ஒரு திங்கட்கிழமை வண்டி எங்கள் ஊர் முக்கில் நிற்காமல் போயிற்று. ஓட்டுநர் கைகாட்டிக்கொண்டே போனார், அடுத்த வண்டி வரும் என்பதுபோல. அம்மா ஒன்பது மணி வரை தூக்குவாளியோடு நின்றாள். அடுத்த வண்டி என்று ஒன்று கிடையாது. அதை அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த ஆபீஸின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அம்மாவின் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுத்தவர்கள், அப்பா இறந்தபோது வந்து நின்றவர்கள். நல்ல மனிதர்கள் நடத்துகிற இடத்திலும் இது நடக்கிறது, யாரும் தீர்மானம் போடாமலே நடக்கிறது. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்து நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. சீன லைட்டர் பெட்டிக்கடை வரை வந்து பத்து ரூபாய்க்குத் தொங்கியபோது இந்தத் தொழில் என்ன பாடு பட்டது என்று பார்த்தேன். ஒரு ரூபாய்ப் பெட்டியை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆக்குவதற்கு நீங்கள் பதினான்கு வருஷம் காத்திருந்தீர்கள். அதற்குள் மருந்து விலை, மெழுகு விலை, அட்டை விலை எல்லாம் எங்கோ போய்விட்டன. கைவேலைத் தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, மெஷின் தீப்பெட்டிக்கு 18 என்று இருந்த ஜிஎஸ்டி, 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 என்று ஆனது. கைவேலைக்கு இருந்த சின்னப் பிடிமானமும் அன்றைக்குப் போயிற்று. ஒரு முழு மெஷின் வந்தால் எத்தனை அடுக்குக்காரிகளின் இடம் காலியாகும் என்பதை எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை; எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. சென்னைக்கும் டெல்லிக்கும் நடந்தீர்கள். 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. 2025 செப்டம்பரில் வரியும் 5 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்த மனுக்களில் எல்லாம் நீங்கள் முன்வைத்த முதல் வாதம் என்ன? இந்தத் தொழிலை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன, வேலை பார்க்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெண்கள், வானம் பார்த்த பூமியில் வேறு பிழைப்பு இல்லாதவர்கள் என்பதுதான். அண்ணாச்சி, அந்த எண்ணிக்கையில் எங்கள் அம்மாவும் இருந்தாள். டெல்லிக்குக் கொண்டுபோன கணக்கில் இருந்தவளை ஆபீஸ் வரவுக் கணக்கிலும் வைத்திருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வேறு பிழைப்பு இல்லை என்று நீங்கள் எழுதியது சத்தியம். நம் கரிசல் ஒரே போகம். புரட்டாசியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித் தையிலும் மாசியிலும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு ஆவணி வரை வெடித்த தரையும் வெயிலும்தான். உளுந்தும் பாசியும் கம்பும் பருத்தியும் இருந்த காலத்தில் வயதான கைக்கும் வேலை இருந்தது. களை எடுக்கலாம், பஞ்சு எடுக்கலாம், களத்தில் உட்கார்ந்து தூற்றலாம், புடைக்கலாம். இப்போது பாதிக் காடு மக்காச்சோளம். களைக்கு மருந்து அடிக்கிறார்கள், அறுப்புக்கு மெஷின் வருகிறது. கடலை மிட்டாய்க் கம்பெனிகளில் பொட்டலம் போடப் போகலாம்தான். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகு அந்தத் தொழில் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. ஆனால் அங்கேயும் கேட்கிற முதல் கேள்வி வயது. தீப்பெட்டி ஆபீஸ் கைவிட்டால் ஐம்பத்தைந்து வயதுக்காரிக்கு அடுத்த படி என்று ஒன்று இந்த மண்ணில் இல்லை.

உங்கள் மேலாளர்களில் ஒருவர், தங்கமான மனுஷர், என்னிடம் மனம்விட்டுச் சொன்னார்: "டீச்சர், வயசானவங்களுக்கு வேகம் இல்லை. உட்கார்ற இடம், வண்டியில் ஒரு சீட்டு, எல்லாம் காசு. சரக்கு லேட் ஆகுது. கட்டையில் கோணல் வருது." அவர் சொன்னதை நான் எளிதாகத் தள்ளவில்லை. பல நாள் யோசித்தேன். பிறகு ஊரில் உட்கார்ந்து, வேலை போன எட்டுப் பெண்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். என்ன முடியவில்லை, எப்போதிலிருந்து முடியவில்லை?

எட்டுப் பேரில் ஆறு பேர் முதலில் சொன்னது கண். தூரத்தில் வருகிற வண்டியின் பெயரைப் படிக்க முடிகிறவளுக்குக் கைக்குக் கிட்டே இருக்கிற பள்ளம் தெரியவில்லை. வெள்ளெழுத்து. நாற்பது தாண்டினால் ராஜாவுக்கும் வரும், கூலிக்காரிக்கும் வரும். எனக்கு வந்ததும் கோவில்பட்டி பஜாரில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டேன், விடைத்தாள் திருத்துகிறேன். எங்கள் ஊர்ப் பெண்களில் கண்ணாடி போட்டுக் கட்டை அடுக்கியவள் ஒருத்திகூட இல்லை. கண்ணாடி போட்டால் "கண் போச்சு" என்று நிறுத்திவிடுவார்கள் என்று பயம். கண்ணாடி போடாமல் தடவித் தடவி அடுக்கினார்கள், வேகம் குறைந்தது, வேகம் குறைந்ததால் நிறுத்தப்பட்டார்கள். நீங்கள் வயது என்று நினைத்தீர்கள். அவளும் வயது என்றே நினைத்துக்கொண்டாள்.

இதை வெறும் ஊர்ப்பேச்சாகச் சொல்லவில்லை. அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது தாண்டிய 751 கொழுந்து பறிப்பவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். முடிவு 2018-இல் வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு அதிகம் பறித்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் 32 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கொழுந்து பறிப்பதைவிடக் கட்டை அடுக்குவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதை நீங்களே சொல்லுங்கள். இதைக் காட்டிலும் குறைந்த செலவில் உற்பத்தியைக் கூட்டுகிற ஒரு மெஷினை உங்களுக்கு யாராவது விற்றிருக்கிறார்களா?

கண் என்று சொல்லும்போது நம் மண்ணில் பிறந்த ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர் டாக்டர் கோ. வெங்கடசாமி. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரலில் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேலான கண் அறுவைகளைச் செய்தவர். 1976-இல் ஐம்பத்தெட்டு வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த வருஷமே மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கோணிய விரல், ஓய்வு வயது என்று உங்கள் வாசலில் திருப்பி அனுப்புகிற இரண்டு காரணமும் அந்த ஒரு மனிதரிடம் இருந்தன. அவர் தொடங்கிய இடத்துக்கு உலகமே வந்து கற்றுக்கொண்டு போகிறது.

இன்னொருவரும் நம்மவர்தான். இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். பள்ளிப்படிப்பை முடிக்காத சம்சாரி. 1989-இல் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டார் வழக்காற்றுக்குச் சிறப்புப் பேராசிரியராக அழைத்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. சான்றிதழும் கேட்கவில்லை, வயதும் கேட்கவில்லை. அவர் கையில் இருந்த சரக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது, கூப்பிட்டார்கள். அவருக்குக் கோவில்பட்டியில் மணிமண்டபம் கட்டியிருக்கிறோம். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்த் திண்ணை ஞாபகம் வருகிறது.

கண்ணுக்கு அடுத்தபடி பெண்கள் சொன்னது முழங்கால். தரையில் சம்மணம் போட்டு எட்டு மணி நேரம் உட்கார முடியவில்லை. எழுந்தால் உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மூன்றாவது, அவர்கள் வாய்விட்டுச் சொல்லவே கூச்சப்பட்ட விஷயம், கழிப்பறை. பாதிப் பேருக்குச் சர்க்கரை. அடிக்கடி எழுந்து போக வேண்டும். ஆபீஸ் கழிப்பறை வளாகத்தின் கடைசியில் இருக்கிறது. போய் வர நேரம் ஆனால் கட்டை குறையும், மேஸ்திரி முகம் சுளிப்பார். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் தலை சுற்றுகிறது. "முன்ன மாதிரி சுறுசுறுப்பு இல்லை" என்று மாலையில் கணக்கப்பிள்ளை சொல்கிறார்.

கண்ணாடி, இரண்டடி உயரத்தில் ஒரு பெஞ்சு, கிட்டத்தில் ஒரு கழிப்பறை, அடுக்குகிற இடத்துக்கு நேர்மேலே ஒரு நல்ல விளக்கு. எட்டுப் பேர் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் இவ்வளவுதான் வருகிறது. ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் பிஎம்டபிள்யூ கார் ஆலை 2007-இல் இதைத்தான் செய்து பார்த்தது. ஒரு உற்பத்தி வரிசையில் வேண்டுமென்றே சராசரி வயது 47 வருகிற மாதிரி ஆட்களைப் போட்டார்கள். என்ன கஷ்டம் என்று அவர்களிடமே கேட்டு, மரத்தளம், உட்கார நாற்காலி, பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் என்று சுமார் 70 சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்தார்கள். மொத்தச் செலவு 40,000 யூரோ அளவில். ஒரே வருஷத்தில் அந்த வரிசையின் உற்பத்தித் திறன் 7 விழுக்காடு உயர்ந்தது. அங்கே வயதானவர்களை இரக்கப்பட்டு வைத்துக்கொள்ளவில்லை. வரப்போகிற காலத்தில் ஆலையில் இருக்கப்போவது இவர்கள்தான் என்று கணக்குப் போட்டுச் செய்தார்கள்.

அந்தக் காலம் நமக்கும் வந்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-இல் அது பதினெட்டைத் தாண்டும் என்று அரசாங்க மதிப்பீடு சொல்கிறது. வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று பெற்று, பெற்றதைப் படிக்க வைத்து, கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் அனுப்பிவிட்ட மாவட்டம் நம்முடையது. இனி இருபது வயதுப் பெண் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்காகக் காத்திருக்க மாட்டாள். ஒரு டீச்சராக, அவள் காத்திருக்கக் கூடாது என்றுதான் நான் தினமும் வகுப்பில் பாடுபடுகிறேன். உங்களுக்குக் கிடைக்கப்போகிற ஆள், இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவள்தான்.

வேகத்தைப் பற்றி அந்த மேலாளர் சொன்னதற்கு வருகிறேன். கைவேலை ஆபீஸில் கூலி கட்டைக்கு. பதினைந்து அடுக்குகிறவளுக்குப் பதினைந்துக்கான கூலி, பத்து அடுக்குகிறவளுக்குப் பத்துக்கான கூலி. வேகம் குறைந்தால் முதல் நட்டம் அவளுக்குத்தான், அதை அவள் ஏற்றுக்கொண்டுதான் வருகிறாள். மெஷின் ஓடுகிற ஆலையில் கதை வேறு. பெல்ட்டின் வேகத்துக்குக் கை ஓட வேண்டும், அதில் அறுபது வயதுக்காரியை நிறுத்தச் சொல்லி நான் கேட்க மாட்டேன். ஆனால் ஒரு ஆலையில் பெல்ட் மட்டுமா இருக்கிறது? கோணல் பார்த்துக் கழிக்க வேண்டும், பெட்டி எண்ண வேண்டும், லேபிள் சரிபார்க்க வேண்டும், புதிதாக வருகிறவளுக்குக் கற்றுத் தர வேண்டும். காய்ந்த கட்டையிலிருந்து குச்சியை உருவும்போது எங்கே உரசல் பட்டால் பற்றிக்கொள்ளும் என்று நாற்பது வருஷம் பார்த்த கைக்குத் தெரியும். அதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் வாங்க முடியாது. எங்கள் அம்மா மருந்து நெடியை வைத்தே இன்றைக்கு ஈரம் அதிகம், முக்கு சரியாகப் பிடிக்காது என்று சொல்லுவாள். அந்த மூக்கை நீங்கள் இலவசமாக வைத்திருந்தீர்கள், அண்ணாச்சி. போக விட்டுவிட்டீர்கள்.

அரை நாள் வேலை என்று ஒன்றை யோசித்துப் பாருங்கள். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை ஒரு குழு, அதன் பிறகு நாலரை வரை ஒரு குழு. முழு நாள் முடியாதவளுக்கு அரை நாள் முடியும். நான் கேட்ட எட்டுப் பேரில் ஏழு பேர், அரைக்கூலி என்றாலும் நாளைக்கே வருகிறோம் என்றார்கள். எட்டாவது ஆள், தன் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பதுக்கு வரலாமா என்று கேட்டாள்.

அடுத்தது காகிதம். சட்டம் தடுக்கிறது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்திலும், அதன் இடத்துக்கு இப்போது வந்திருக்கிற புதிய தொகுப்பிலும் குறைந்தபட்ச வயதுதான் உண்டு, மேல் வயது வரம்பு கிடையாது. 58 முடிந்தால் பிஎஃப் பிடிக்க முடியாது என்பதும் தவறு. அந்த வயதோடு நிற்பது ஓய்வூதியப் பங்குதான், சேமநிதி தொடரும். உங்களுக்குக் கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. மாநில அரசே தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்திக்கொண்டது. அரசு அலுவலகத்து நாற்காலியில் அறுபது வரை உட்காரலாம் என்றால், பெஞ்சில் உட்கார்ந்து குச்சி அடுக்குகிறவளுக்கு ஐம்பத்தைந்திலேயே என்ன அவசரம்?

வயதுக்கே சரியான காகிதம் இல்லாதவர்கள் இவர்கள். ஆதார் எடுத்தபோது "என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டு, முகத்தைப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டு, ஜனவரி 1 என்று எழுதியிருக்கிறார்கள். வெயிலில் கறுத்து வற்றிய முகத்துக்கு நாலைந்து வயது கூடத்தான் விழும். ஆதாரில் அறுபது என்று இருக்கிற எங்கள் தெருக்காரிக்கு உண்மையில் ஐம்பத்தைந்துதான். தன் மூத்த மகன் பிறந்த வருஷத்தை வைத்து அவள் கணக்குச் சொல்கிறாள். தயவுசெய்து ஆதாரை மட்டும் பார்த்து ஒருத்தியை அனுப்பாதீர்கள். அவள் கையில் நாலு கட்டையைக் கொடுத்து அடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

சேமநிதி விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 58 வயதில் மாத ஓய்வூதியம் வர வேண்டுமானால் பத்து வருஷச் சேவை வேண்டும். 2014-லிருந்து குறைந்தபட்ச ஓய்வூதியம் ஆயிரம் ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் மாத்திரைக்கு ஆகும், மகனிடம் கை நீட்டாமல் இருக்கலாம். அம்மாவுக்கு அந்த ஆயிரம் வரவில்லை. அவள் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவள். ஆனால் காகிதத்தில் அது மூன்று ஆபீஸ், இரண்டு இனிஷியல், நடுநடுவே பேர் எடுத்துப் பேர் சேர்த்த இடைவெளிகள் என்று உடைந்து கிடந்தது. கூட்டிப் பார்த்தால் பத்து வருஷம் தேறவில்லை. பணிக்கொடைக்கும் அப்படித்தான், ஐந்து வருஷம் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், அது நிறைவதற்குச் சற்று முன்னால் பெயர் விட்டுப்போயிருந்தது. இதை வேண்டுமென்று செய்தார்களா என்று நான் கேட்கவில்லை. இனி நடக்கக் கூடாது என்றுதான் கேட்கிறேன். இன்றைக்கு உங்களிடம் நாற்பத்தைந்து வயதில் இருக்கிறவர்களின் பெயரையும் இனிஷியலையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு ஒத்துப் பார்த்து, தவறு இருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். கணக்கப்பிள்ளைக்கு ஒரு வாரத்து வேலை. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் நல வாரியத்தில் அறுபது வயதுக்குள் பதிந்தால்தான் அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம். அதற்கு அவள் இந்த வேலைதான் பார்க்கிறாள் என்று ஒருவர் சான்று தர வேண்டும். அந்தக் கையெழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு ஒரு நிமிஷம், அவளுக்கு மீதி ஆயுசு.

விரல் மெஷினுக்கு மாற்று உண்டு. முகம் பார்க்கிற கருவி வந்துவிட்டது. அதுவும் வேண்டாம் என்றால் ஒரு நோட்டும் பேனாவும் போதும். உங்கள் தொழிலில் தேய்ந்த விரல் அது. அந்தத் தேய்மானத்தையே காரணம் காட்டி அவளுக்கு வரவு இல்லை என்பது எந்த நியாயத்தில் சேரும்?

நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை தர வேண்டும் என்று, 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது மத்திய அரசு அறிவித்திருக்கிறது. இந்த ஒரு ஏற்பாட்டை நீங்கள் ஒப்புக்குச் செய்யாமல் மனமார எடுத்துக்கொள்ள வேண்டும். பரிசோதனை நாளில் எடையும் ரத்த அழுத்தமும் பார்த்து அனுப்பிவிடாமல் வெள்ளெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடி தேவைப்படுகிறவளுக்கு ஆபீஸ் செலவில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கொடுக்கும்போது எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், கண்ணாடி போட்டதால் யாருக்கும் வேலை போகாது என்று. உங்கள் வாயால் அந்த ஒரு வார்த்தை வந்தால்தான் அவள் அதைப் பையிலிருந்து எடுத்து மூக்கில் மாட்டுவாள்.

அம்மாவுக்கு நான் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது வேலை போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு. போட்டதும் தன் உள்ளங்கையைத்தான் முதலில் பார்த்தாள். ரேகை தெரிகிறது என்றாள். பிறகு உள்ளே போய், எதற்கோ எடுத்து வைத்திருந்த ஒரு பழைய சட்டத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்து, வீட்டில் கிடந்த ஈர்க்குச்சியை ஒடித்து ஒடித்து அடுக்கிப் பார்த்தாள். ஒன்றுகூடக் கோணவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "இத அப்பவே போட்டிருந்தா ஆபீஸ்ல விட்டிருக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள். அவளுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இப்போது வயது போய்விட்டது. அவளுக்காக நான் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. எங்கள் ஊர் முக்கில் வேப்பமரத்தடியில் ஐம்பது தாண்டிய ஏழெட்டுப் பெண்கள் காலை ஆறரைக்கு இப்போதும் வந்து நிற்கிறார்கள். களை வெட்டக் கூப்பிடுவார்களா, ஏதாவது வண்டி நிற்குமா என்று பார்ப்பார்கள். எட்டு மணிக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். உங்கள் ஆபீஸ் வண்டிகள் பாதி சீட்டு காலியாக அந்த வழியாகத்தான் போகின்றன. நாளைக் காலையில் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அடுக்குக்காரியின் மகள்